விளம்பரத் தடுப்பி

விளம்பரத் தடுப்பி என்பது இணையப் பக்கங்களில் இடம்பெறும் விளம்பரங்களைப் பயனரின் கணினிக்கு வந்து சேராமலோ, வந்தாலும் திரையில் தோன்றாமலோ தடுக்கும் மென்பொருள் ஆகும். பெரும்பாலும் இது இணைய உலாவியுடன் சேர்க்கப்படும் நீட்சியாக அமைகின்றது. உலாவியின் உள்ளேயே கட்டமைக்கப்பட்டதாகவும், வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் பொதுவான கருவியாகவும் இது அமைவதுண்டு.

படிப்பதற்கு இடையூறான விளம்பரங்களை அகற்றுவது விளம்பரத் தடுப்பியின் முதல் நோக்கம் ஆகும். பக்கங்கள் விரைவாகத் திறப்பது, தரவுச் செலவு குறைவது, பயனரைப் பின்தொடரும் நிரல்கள் தடைபடுவது, தீநிரல் பரவும் வழிகளுள் ஒன்று அடைபடுவது ஆகியவை ஏனைய பயன்கள். மறுபுறத்தில், விளம்பர வருவாயை நம்பி இலவசமாக வெளிவரும் செய்தித் தளங்களும் பிற தளங்களும் இதனால் வருவாய் இழக்கின்றன. ஆகவே, ஒரு பக்கத்தைத் திறக்கும் கணினி எவற்றைத் தரவிறக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது என்ற கேள்வி, வாசகர், வெளியீட்டாளர், விளம்பர நிறுவனம், உலாவியை உருவாக்கும் நிறுவனம் ஆகிய நான்கு தரப்பினருக்கிடையே 1990களின் நடுப்பகுதியிலிருந்து நீடித்து வருகின்றது.

பின்னணி

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய இதழ் பதாகை விளம்பரங்களுடன் வெளியானது. அவற்றுள் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் விளம்பரம் பரவலாக அறியப்பட்டது. 468 படப்புள்ளி அகலமும் 60 படப்புள்ளி உயரமும் கொண்ட இந்தப் பட்டை வடிவம் பல ஆண்டுகள் இணைய விளம்பரத்தின் பொது அளவாக விளங்கியது. இவ்வகை விளம்பரம் பக்கத்தின் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஒரு படம் மட்டுமே. அச்சிதழ் விளம்பரத்தைப் போலவே வாசகர் அதைப் பாராமல் கடந்து செல்ல முடியும்.

1990களின் பிற்பகுதியில் மேல்விரி சாளரம் தோன்றியது. பயனர்கள் தமக்கெனப் பக்கங்களை அமைத்துக்கொள்ள இடமளித்த டிரைபாட் என்னும் தளத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மேன் இதற்கான நிரலை எழுதினார். தனது விளம்பரம் பொருத்தமற்ற பயனர் பக்கம் ஒன்றில் இடம்பெற்றதை ஒரு வாகன நிறுவனம் எதிர்த்தது. எனவே பக்கத்துடன் ஒட்டாத தனிச் சாளரத்தில் விளம்பரத்தைக் காட்டும் வழி வகுக்கப்பட்டது. சக்கர்மேன் 2014ஆம் ஆண்டு தி அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்காக வருத்தம் தெரிவித்தார். விளம்பரத்தையே அடிப்படை வருவாயாகக் கொண்டதுதான் இணையத்தின் மூலப் பிழை என்றும் அக்கட்டுரையில் அவர் வாதிட்டார்.

இடையூறான விளம்பரங்கள்

எல்லா விளம்பரங்களும் வாசகர்களால் ஒரே அளவில் வெறுக்கப்படுவதில்லை. விளம்பர நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் சேர்ந்து 2016ஆம் ஆண்டு அமைத்த நல்ல விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு, பயனர் கருத்தாய்வுகளின் அடிப்படையில் 2017 மார்ச் மாதம் ஒரு தரவரையறையை வெளியிட்டது. அதில் ஏற்கத்தகாதவை எனக் குறிக்கப்பட்டவற்றுள் சில வருமாறு:

* பக்கத்தை மறைத்து எழும் மேல்விரி விளம்பரம்
* ஒலியுடன் தானாக ஓடத் தொடங்கும் நிகழ்படம்
* உள்ளடக்கத்தைக் காட்டும் முன் விநாடிகளை எண்ணிக் காத்திருக்கச் செய்யும் முழுத்திரை விளம்பரம்
* பக்கத்தை உருட்டினாலும் நகராமல் திரையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் விளம்பரம்
* கைபேசியில் பக்கத்தின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் இடம் கொள்ளும் விளம்பரங்கள்
* கைபேசியில் மினுக்கி மினுக்கித் தோன்றும் அசைவு விளம்பரம்

இவை தவிர, பக்கத்தின் பின்னால் ஒளிந்து திறந்து, மற்ற சாளரங்களை மூடும்போது மட்டும் தென்படும் கீழ்விரி விளம்பரங்கள் உண்டு. தரவிறக்கப் பொத்தானைப் போன்று தோற்றமளித்து ஏமாற்றும் விளம்பரங்களும் பரவலாகக் காணப்படுகின்றன.

பக்கம் மெதுவாகத் திறப்பதன் காரணங்கள்

ஒரு செய்திக் கட்டுரையின் உரை சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆயினும் அக்கட்டுரை இடம்பெறும் பக்கம் பல மெகாபைட்டு அளவுடையதாக இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டில் படங்களுக்கும் பங்கு உண்டு. எனினும், விளம்பரங்களும் அவற்றுடன் வரும் நிரல்களும் பெரும் பங்கு வகிக்கின்றன. அவை பக்கத்தை நான்கு வழிகளில் தாமதப்படுத்துகின்றன.

முதலாவது, இணைப்புகளின் எண்ணிக்கை. விளம்பரங்கள் பொதுவாகத் தளத்தின் சொந்த வழங்கியிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு புதிய வழங்கிக்கும் உலாவி அதன் ஆள்களப் பெயரைத் தேடி எண் முகவரியை அறிய வேண்டும்; பின்னர் இணைப்பை ஏற்படுத்த வேண்டும்; அதன்பின் மறையாக்கத்துக்கான உடன்பாட்டைச் செய்ய வேண்டும். இவை ஒவ்வொன்றும் செய்தி சென்று திரும்பும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. தொலைவில் உள்ள வழங்கிக்கும், அலை குறைந்த கைபேசி இணைப்புக்கும் இந்த நேரம் கூடுகின்றது.

இரண்டாவது, ஏலம். 2000களின் இறுதியில் பரவிய நிகழ்நேர ஏல முறையில், பக்கம் திறக்கப்படும் கணத்திலேயே விளம்பர இடம் ஏலத்துக்கு விடப்படுகின்றது. பயனரைப் பற்றிய தகவல்கள் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டு, அவை விலை கூறி, வென்றவரின் விளம்பரம் வந்து சேர்கின்றது. 2010களின் நடுப்பகுதியில் பரவிய மற்றொரு முறையில், பல ஏலச் சந்தைகளை ஒரே வேளையில் அழைக்கும் பணியைப் பயனரின் உலாவியே செய்கின்றது. ஏலத்துக்கான கணிப்பு வேலையையும் தரவுச் செலவையும் இதனால் வாசகரின் கருவியே ஏற்கின்றது.

மூன்றாவது, நிரல்களின் சுமை. உலாவியில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டு நிரல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. பயனரின் சொடுக்குக்கும் உருட்டலுக்கும் பதிலளிக்கும் வேலையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். நீண்ட நேரம் ஓடும் விளம்பர நிரல் ஒன்று இடையில் வந்தால், பக்கம் முழுவதும் தெரிந்த பின்னரும் அது அசையாமல் உறைந்து நிற்கும். விலை குறைந்த கைபேசிகளில் செயலியின் வேகம் குறைவு என்பதால் இது மிகுதியாக உணரப்படுகின்றது.

நான்காவது, இடப்பெயர்ச்சி. விளம்பரத்துக்கான இடம் முன்கூட்டி ஒதுக்கப்படாவிட்டால், தாமதமாக வரும் விளம்பரம் அதன் கீழுள்ள உரையைத் தள்ளிவிடுகின்றது. படித்துக்கொண்டிருந்த வரி திரையிலிருந்து மறைகின்றது. ஓர் இணைப்பைத் தொட முயன்றவரின் விரல் அவ்விடத்துக்கு வந்த விளம்பரத்தின் மேல் படுவதும் உண்டு.

இவற்றின் அளவைக் காட்டும் இரண்டு எடுத்துக்காட்டுகள் பெரிதும் அறியப்பட்டவை. 2015 அக்டோபரில் தி நியூயார்க் டைம்சு நாளிதழ் 50 செய்தித் தளங்களின் கைபேசிப் பக்கங்களைத் தடுப்பியுடனும் தடுப்பியின்றியும் அளந்து பார்த்தது. மொத்தத் தரவில் பாதிக்கு மேற்பட்டவை விளம்பரங்களும் தடுப்பிகளால் நீக்கப்படும் பிற உள்ளடக்கங்களும் என்று அது கண்டது. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தபோது, யூ.எஸ்.ஏ. டுடே நாளிதழ் ஐரோப்பிய வாசகர்களுக்குப் பின்தொடரும் நிரல்களும் விளம்பரங்களும் இல்லாத தனிப் பதிப்பை வழங்கியது. முகப்புப் பக்கத்தின் அளவு சுமார் 5.2 மெகாபைட்டிலிருந்து சுமார் 500 கிலோபைட்டாகக் குறைந்ததை இணைய உருவாக்குநர்கள் அப்போது எடுத்துக்காட்டினர்.

வரலாறு

1996ஆம் ஆண்டு பிரைவ்நெட் நிறுவனம் இன்டர்நெட் பாஸ்ட் பார்வர்டு என்னும் தடுப்பு மென்பொருளை உருவாக்கியது. 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த இன்டர்நெட் சங்பஸ்டர், உலாவிக்கும் இணையத்துக்கும் இடையே பதிலாள் வழங்கியாக நின்று விளம்பரங்களை வடிகட்டியது. அதன் வழித்தோன்றலே பிரைவாக்சி என்னும் திறந்த மூல மென்பொருள்.

மேல்விரி சாளரங்களைத் தடுக்கும் வசதியை முக்கிய உலாவிகளுள் ஓப்பரா முதலில் வழங்கியது. பின்னர் மொசில்லா உலாவியிலும் இவ்வசதி இடம்பெற்றது. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2004 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோசு எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பின் மூலம் இதனைப் பெற்றது. இவ்வாறு எல்லா முக்கிய உலாவிகளிலும் இவ்வசதி இடம்பெற்ற பின்னர், விளம்பரதாரர்கள் தனிச் சாளரத்தைக் கைவிட்டுப் பக்கத்தின் உள்ளேயே மேலெழும் அடுக்குகளுக்கு மாறினர்.

2002ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த என்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் மொசில்லா உலாவிகளுக்கான ஆட்பிளாக் நீட்சியை எழுதினார். 2005ஆம் ஆண்டு ரிக் பெட்னல் ஈசிலிஸ்ட் என்னும் வடிகட்டிப் பட்டியலைத் தொடங்கினார். 2009ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர் அது தன்னார்வலர்களால் பேணப்பட்டு வருகின்றது. 2006ஆம் ஆண்டு விளாதிமிர் பாலந்து ஆட்பிளாக் பிளஸ் நீட்சியை வெளியிட்டார். 2009ஆம் ஆண்டு இறுதியில் கூகிள் குரோம் உலாவிக்கு நீட்சி வசதி கிடைத்ததும் விளம்பரத் தடுப்பிகள் அதற்கும் பரவின.

ரேமண்ட் ஹில் 2014ஆம் ஆண்டு யூபிளாக் நீட்சியை உருவாக்கினார். செயலியையும் நினைவகத்தையும் குறைவாகப் பயன்படுத்துவது இதன் தனிச்சிறப்பாகக் கருதப்பட்டது. 2015ஆம் ஆண்டு அத்திட்டத்தின் பொறுப்பை மற்றொருவருக்கு அளித்த ஹில், தம் பதிப்பை யூபிளாக் ஆரிஜின் என்ற பெயரில் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஆப்பிளின் ஐஓஎஸ் 9 இயங்குதளம், கைபேசியில் சஃபாரி உலாவிக்கான தடுப்பிகளை அனுமதித்தது. இவை கைபேசிகளில் பரவுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாயிற்று.

இயங்கும் முறை

விளம்பரத் தடுப்பி ஒரு படத்தைப் பார்த்து அது விளம்பரமா அல்லவா என்று பொதுவாக முடிவு செய்வதில்லை. வடிகட்டிப் பட்டியல் எனப்படும் விதித் தொகுப்பைக் கொண்டே அது செயற்படுகின்றது. ஈசிலிஸ்ட் போன்ற பட்டியல்களில் பல்லாயிரக்கணக்கான விதிகள் உள்ளன. அவற்றை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

* தடுப்பு விதிகள்: குறிப்பிட்ட முகவரியிலிருந்து எதையும் தரவிறக்க வேண்டாம் என்று உலாவிக்குக் கூறுவன. விளம்பரம் கணினிக்கு வராததால் நேரமும் தரவும் மிஞ்சுவது இவ்வகையினாலேயே.
* மறைப்பு விதிகள்: ஏற்கனவே வந்துவிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட கூறுகளைக் கண்ணிலிருந்து மறைப்பன. விளம்பரம் நீங்கிய இடத்தில் எஞ்சும் வெற்றுப் பெட்டிகளை நீக்க இவை பயன்படுகின்றன. இவற்றால் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை.
* விலக்கு விதிகள்: ஒரு தடுப்பு விதியினால் தளத்தின் தேவையான பகுதி உடையும்போது, அதற்கு மட்டும் அனுமதி அளிப்பன.

பட்டியல்களின் தரம் அவற்றைப் பேணுவோரின் உழைப்பைப் பொறுத்தது. தளங்கள் தம் விளம்பர முகவரிகளை மாற்றும்போதெல்லாம் விதிகளும் மாற்றப்பட வேண்டும். ஈசிலிஸ்ட் பெரும்பாலும் ஆங்கிலத் தளங்களைக் கருத்திற்கொண்டது. பிற மொழிகளுக்குத் துணைப் பட்டியல்கள் உள்ளன. பேணுவோர் குறைந்த மொழிகளில் விளம்பரங்கள் நழுவி வருவது இயல்பு.

வகைகள்

உலாவி நீட்சிகள்

இவை பக்கத்தின் அமைப்பை முழுமையாகப் பார்க்க வல்லவை என்பதால் நுணுக்கமாகத் தடுக்கின்றன. குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தி வைப்பதும் எளிது. ஆனால் அவை நிறுவப்பட்ட உலாவியில் மட்டுமே செயற்படும்.

உள்ளமைந்த தடுப்பு

ஓப்பரா 2016ஆம் ஆண்டு முதல் விளம்பரத் தடுப்பை உள்ளமைந்த வசதியாக வழங்கி வருகின்றது. பிரேவ் உலாவி 2016ஆம் ஆண்டு அறிமுகமானபோதே தடுப்பை இயல்பு அமைப்பாகக் கொண்டிருந்தது. பயர்பாக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்து பின்தொடரும் குக்கிகளை இயல்பாகத் தடுக்கின்றது. இது விளம்பரத் தடுப்பு அன்று. எனினும் சில விளம்பரங்களின் செயற்பாட்டை இது பாதிக்கின்றது.

ஹோஸ்ட்ஸ் கோப்பு

இயங்குதளங்களில் ஆள்களப் பெயர்களுக்கு எண் முகவரிகளைக் குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் என்னும் கோப்பு உண்டு. விளம்பர வழங்கிகளின் பெயர்களை 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்னும் முகவரிக்குத் திருப்பிவிட்டால் அவற்றுடன் இணைப்பு ஏற்படாது. தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாத பழைய வழி இது.

வலையமைப்புத் தடுப்பு

2010களின் நடுப்பகுதியில் தோன்றிய பை-ஹோல் என்னும் திறந்த மூல மென்பொருள், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் நிறுவப்பட்டு, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் ஆள்களப் பெயர்த் தேடலையும் வடிகட்டுகின்றது. நீட்சிகளை நிறுவ முடியாத தொலைக்காட்சிகளுக்கும் கைபேசிச் செயலிகளுக்கும் இது பயன்படுகின்றது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள தனிப்பட்ட ஆள்களப் பெயர் அமைப்பின் மூலம், விளம்பரங்களை வடிகட்டும் பெயர் வழங்கிகளைக் கைபேசியிலும் பயன்படுத்தலாம். உள்ளடக்கமும் விளம்பரமும் ஒரே ஆள்களத்திலிருந்து வந்தால் இம்முறையால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. யூடியூப் நிகழ்படங்களின் இடையே வரும் விளம்பரங்கள் இதற்கு எடுத்துக்காட்டு.

உலாவி நிறுவனங்களின் நடவடிக்கைகள்

கூகிள் நிறுவனம் 2018 பெப்ரவரி 15 முதல் குரோம் உலாவியில், நல்ல விளம்பரங்களுக்கான தரவரையறையைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களைத் தடுக்கத் தொடங்கியது. முதலில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறையிலிருந்த இது, 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் குரோமும், 2019 மார்ச்சில் பயர்பாக்சும் ஒலியுடன் தானாக ஓடும் நிகழ்படங்களைக் கட்டுப்படுத்தின. 2020ஆம் ஆண்டு குரோம், பயனர் தொடாத நிலையில் 4 மெகாபைட்டுக்கு மேல் தரவையோ, மொத்தம் 60 விநாடிகளுக்கு மேல் செயலி நேரத்தையோ, 30 விநாடிகளுக்குள் 15 விநாடி செயலி நேரத்தையோ பயன்படுத்தும் விளம்பரங்களை அகற்றும் வசதியைச் சேர்த்தது. அசைவு விளம்பரங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட அடோபி பிளாஷ் 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது.

இந்நடவடிக்கைகள் மிக மோசமான விளம்பரங்களைக் குறைத்தன. எனினும், உலகின் பெரிய இணைய விளம்பர நிறுவனமே பெருமளவில் பயன்படும் உலாவியையும் உருவாக்குவதால், எவ்விளம்பரம் ஏற்கத்தக்கது என்பதை முடிவு செய்வதில் அதன் நலன் கலந்துள்ளது என்று விமர்சகர்கள் கூறினர்.

இவ்விவாதம் மானிபெஸ்ட் வி3 என்னும் நீட்சி விதிமுறையின்போது கூர்மையடைந்தது. முந்தைய முறையில், உலாவி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகையையும் நீட்சி நேரடியாகப் பார்த்து, அனுமதிப்பதா தடுப்பதா என்று முடிவு செய்யும். 2018ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட புதிய முறையில், நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் அளித்துவிட வேண்டும்; முடிவை உலாவியே செயற்படுத்தும். நீட்சிகள் பயனரின் உலாவல் முழுவதையும் பார்க்கும் நிலை தவிர்க்கப்படும் என்பதும், வேகம் கூடும் என்பதும் கூகிள் கூறிய காரணங்கள். விதிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதும், சூழலுக்கேற்ப முடிவெடுக்க இயலாமையும் தடுப்பு உருவாக்குநர்களின் எதிர்வாதங்கள். அவ்வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. 2024 ஜூன் முதல் குரோம் பழைய முறை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கி, 2025ஆம் ஆண்டில் அப்பணியை நிறைவு செய்தது. இதனால் யூபிளாக் ஆரிஜின் அவ்வுலாவியில் இயங்கவில்லை. அதற்கு மாற்றாக, குறைந்த திறன்களுடைய யூபிளாக் ஆரிஜின் லைட் உள்ளது. பயர்பாக்ஸ் புதிய விதிமுறையை ஏற்றபோதும், வேண்டுகைகளை நேரடியாகத் தடுக்கும் பழைய வசதியைத் தக்கவைத்துக்கொண்டது.

பாதுகாப்பு

விளம்பர வலையமைப்புகள் வழியே தீநிரல் பரவுவது தீவிளம்பரம் எனப்படும். நம்பகமான தளத்தைப் பார்வையிடுபவரும் இதற்கு உள்ளாகக்கூடும். ஏனெனில் தளத்தின் உரிமையாளருக்கே தம் பக்கத்தில் எந்த விளம்பரம் தோன்றும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. 2016 மார்ச்சில் தி நியூயார்க் டைம்சு, பிபிசி உள்ளிட்ட பெரிய தளங்களில் விளம்பர வலையமைப்புகள் வழியாக வந்த தீவிளம்பரங்கள் தோன்றின. அவற்றைச் சொடுக்காத பயனர்களும், காலாவதியான மென்பொருள்களை வைத்திருந்தால் பாதிப்புக்குள்ளாகும் நிலை இருந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுச் செயலகம், தேடல் முடிவுகளில் நிறுவனங்களைப் போல் நடிக்கும் போலி விளம்பரங்களைப் பற்றி எச்சரித்து, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது.

தடுப்பிகளே இடராக மாறியதும் உண்டு. 2017 அக்டோபரில் ஆட்பிளாக் பிளஸ் என்ற பெயரைப் போலியாகத் தாங்கிய நீட்சி ஒன்று குரோம் கடையில் இடம்பெற்று, நீக்கப்படும் முன் 37,000க்கும் மேற்பட்டோரால் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டு நானோ ஆட்பிளாக்கர் நீட்சி புதிய உரிமையாளர்களுக்கு விற்கப்பட்ட பின்னர், பயனர் தரவுகளைச் சேகரிக்கும் நிரல் அதில் சேர்க்கப்பட்டது. எல்லாப் பக்கங்களையும் பார்க்கும் அனுமதி தடுப்பிகளுக்கு அளிக்கப்படுவதால், அவற்றின் உருவாக்குநரைச் சரிபார்த்து நிறுவுவது இன்றியமையாதது.

வெளியீட்டாளர்கள் மீதான தாக்கம்

தடுக்கப்பட்ட விளம்பரத்துக்கு வெளியீட்டாளருக்குப் பணம் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் சந்தா முறைக்கு மாற முடியும். ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு தளங்களுக்கும், வாசகர் தொகை குறைந்த மொழிகளின் இதழ்களுக்கும் அவ்வழி எளிதன்று. இவர்கள் நாகரிகமான விளம்பரங்களையே இட்டாலும், பிற தளங்களின் தொல்லையால் தடுப்பியை நிறுவிய வாசகர் இவர்களுடைய விளம்பரங்களையும் பார்ப்பதில்லை.

வெளியீட்டாளர்களின் எதிர்நடவடிக்கைகள் பலவகைப்பட்டன. சில தளங்கள் தடுப்பியை நிறுத்துமாறு வேண்டுகின்றன. சில, நிறுத்தும்வரை உள்ளடக்கத்தைக் காட்டுவதில்லை. செருமனியின் பில்டு நாளிதழ் 2015 அக்டோபரில் இம்முறையைக் கையாண்டது. யூடியூப் 2023ஆம் ஆண்டு தடுப்பிகளைப் பயன்படுத்துவோர் மீது கட்டுப்பாடுகளை விரிவாக்கியது.

ஆட்பிளாக் பிளசை உருவாக்கும் எய்யோ நிறுவனம் 2011 டிசம்பரில் ஏற்கத்தக்க விளம்பரங்கள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வரையறைக்கு உட்பட்ட விளம்பரங்களை இத்திட்டம் இயல்பாக அனுமதிக்கின்றது. பயனர் விரும்பினால் இதை நிறுத்தலாம். சிறிய தளங்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் பெறப்படுகின்றது. தடுப்பவரே பணம் பெற்று வழிவிடுவது முறையன்று என்று இது கண்டிக்கப்பட்டது. வாசகருக்கும் வெளியீட்டாளருக்கும் இடைப்பட்ட தீர்வு இது என்பது அந்நிறுவனத்தின் விளக்கம்.

விளம்பரமின்றி நன்கொடையால் இயங்கும் தளங்களும் உள்ளன. விக்கிப்பீடியா அவற்றுள் ஒன்று. அதில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற ஐயமே, 2002ஆம் ஆண்டு எசுப்பானிய விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்களுள் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கியதற்கு முக்கிய காரணமாக இருந்தது.

சட்ட நிலை

விளம்பரத் தடுப்பிகளின் சட்ட நிலை செருமனியில் விரிவாக ஆராயப்பட்டது. ஆக்சல் சுபிரிங்கர் பதிப்பகம் எய்யோ நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆட்பிளாக் பிளசை வழங்குவது நேர்மையற்ற போட்டி ஆகாது என்று செருமனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பளித்தது. தடுப்பியைப் பயன்படுத்துவதா என்பதைப் பயனரே முடிவு செய்கின்றார் என்பது தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அதன்பின் அப்பதிப்பகம், பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமை மீறல் என்று மற்றொரு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தள்ளுபடி செய்தன. 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை நீக்கி, வழக்கை மறு ஆய்வுக்காக ஆம்பர்கு உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

தடுப்பியால் தீராத சிக்கல்கள்

மெதுவாக இயங்கும் தளத்துக்கு எப்போதும் விளம்பரமே காரணம் அன்று. தளத்தின் வழங்கி மெதுவாகப் பதிலளித்தாலோ, படங்கள் சுருக்கப்படாமல் இருந்தாலோ, இணைய இணைப்பே பலவீனமாக இருந்தாலோ தடுப்பியால் பயன் இல்லை. உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் உள்ள வலையமைப்புப் பகுதி, எந்தக் கோப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் காட்டும். ஏறத்தாழ எல்லாத் தளங்களும் மெதுவாக இருந்தால், நீட்சிகள் இயங்காத தனிப்பட்ட சாளரத்தில் அவற்றைத் திறந்து ஒப்பிடலாம். மிகுதியான நீட்சிகள் உலாவியை மெதுவாக்கும். ஒரே பணியைச் செய்யும் இரண்டு தடுப்பிகளை ஒருங்கே நிறுவுவதும் அவ்வாறே.

விளம்பரமற்ற தளங்களிலும் விளம்பரங்கள் தோன்றினால், கணினியிலேயே விளம்பரத் தீநிரல் நிறுவப்பட்டிருக்கக்கூடும். உலாவி மூடப்பட்டிருக்கும்போதும் திரையின் ஓரத்தில் எழும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு முன்பு அளிக்கப்பட்ட அறிவிப்பு அனுமதியின் விளைவு. உலாவியின் அமைப்புகளில் அவ்வனுமதியை நீக்கினால் அவை நின்றுவிடும்.

தளம் நடத்துவோர் தடுப்பியின் தேவையைக் குறைக்க இயலும். விளம்பரத்துக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்குதல், திரையை நெருங்கும்போது மட்டும் படங்களைத் தரவிறக்குதல், பக்கத்தின் உரை தோன்றிய பின் விளம்பர நிரல்களை இயக்குதல், விளம்பர நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் ஆகியன இதற்கான வழிகள். கூகிள் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோல்களின்படி, பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிகளுக்குள் தோன்றுவது நல்ல நிலையாகக் கருதப்படுகின்றது. பயனரின் செயலுக்குப் பதில் கிடைக்கும் நேரத்தை அளக்க 2024 மார்ச்சில் சேர்க்கப்பட்ட அளவுகோலின்படி அது 200 மில்லி விநாடிகளுக்கு மிகாதிருக்க வேண்டும். இவ்வளவுகோல்கள் 2021ஆம் ஆண்டு முதல் தேடல் வரிசையிலும் கருத்திற்கொள்ளப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* இணைய உலாவி
* மேல்விரி சாளரம்
* குக்கி
* தீநிரல்
* ஆள்களப் பெயர் முறைமை
* திறந்த மூல மென்பொருள்